மரக்காணம்: உப்பு போன வழியில் ஆள் போன வரலாறு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் அன்பர்கள் மரக்காணத்தை அறிவார்கள். அறிவார்கள் என்பதைவிடக் கடந்திருப்பார்கள் என்பதே பொருத்தம். பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும் நீர், வரப்போரங்களில் வெண்மையாகக் குவிந்திருக்கும் உப்பு, கீற்று போர்த்திய அம்பாரங்கள், வெயிலில் குனிந்து நிற்கும் நான்கைந்து உருவங்கள். வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொள்வோர் உண்டு. புதுச்சேரி இன்னும் 35 கிலோமீட்டர்தான் என்ற நினைவில் பலர் நிற்பதும் இல்லை.

அந்த 35 கிலோமீட்டர் ஊர்க்காரர்களுக்கு வேறுவகையில் பொருள்படுகிறது. விடியலில் புதுச்சேரிப் பக்கமாகவும் திண்டிவனப் பக்கமாகவும் புறப்படும் பேருந்துகளில் கொத்தனார் வேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் ஆலை வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் ஏறுகிறார்கள். இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். உறங்குவது உப்பங்கழிக் காற்றில், உழைப்பதோ நகரத்தில். முழுக் கிராமமும் அல்ல, நகரமும் அல்ல என்னும் இந்த இடைநிலை வாழ்வு எப்போது தொடங்கியது? சாலை வந்தபோது என்பது உடனடியான விடை. அது சரியான விடைதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாறு அன்றாடம் ஊரிலிருந்து நகருக்குப் போய்வருபவரை ஆங்கிலத்தில் ‘கம்யூட்டர்’ என்கிறார்கள். சொல்லின் பிறப்பு சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள், நாள்தோறும் பயணம் செய்வோரின் தனித்தனிக் கட்டணங்களைக் குறைத்து ஒரே தொகையாக ‘மாற்றி’ வாங்கிக்கொண்டன. அப்படி மாற்றிய சீட்டை வைத்திருந்தவரே அப்பெயர் பெற்றார். நம் ஊர் வழக்கில் சீசன் டிக்கெட்காரர். இங்கிலாந்தில் இது ஒரு வாழ்க்கை முறையாகவே வளர்ந்தது. லண்டனுக்கு வடமேற்கே தன் தடத்தை நீட்டிய மெட்ரோபாலிட்டன் ரயில்வே, 1915இல் அத்தடத்தையொட்டிய சிற்றூர்ப் பகுதிகளுக்கு ‘மெட்ரோலாந்து’ என்று பெயர் சூட்டி, ‘வயலோரம் குடியிருங்கள், அலுவலகத்துக்கு ரயிலில் வாருங்கள்’ என்ற பொருள்பட விளம்பரம் செய்தது. நகரத்துச் சம்பளக்காரர் கிராமத்துக்குக் குடிவந்தார். அவரால் வீட்டு விலை ஏற, கிராமத்துக் கூலிக்காரர் வெளியேறினார்.

வேல்ஸ் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் ரயில்வே சிக்னல்காரரின் மகனாகப் பிறந்த ரேமண்ட் வில்லியம்ஸ், 1973இல் வெளிவந்த தம் நூலில் நாட்டுப்புறமும் நகரமும் ஆங்கில இலக்கியத்தில் பெற்ற உருவங்களை ஆராய்ந்தார். ஒவ்வொரு தலைமுறையும் ‘உண்மையான கிராமம்’ தனக்குச் சற்று முன்னர்தான் மறைந்ததாக வருந்திக்கொண்டிருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். கிராமமும் நகரமும் இரு வேறு உலகங்களல்ல, ஒரே பொருளியல் ஓட்டத்தின் இரு கரைகள் என்பது அவர் முடிவு. மரக்காணத்தைப் புரிந்துகொள்ள இக்கருத்து நமக்கு உதவும். ஆனால் இங்கே கதை நேர்மாறாக நடந்தது. அங்கே நகரத்தார் கிராமத்தைத் தேடி வந்தார்கள். இங்கே கிராமத்தின் விளைபொருள் முதலில் நகரத்துக்குப் போயிற்று, பிறகு ஆளும் போகலானார்.

நகரம் இங்கேயே இருந்த காலம்

சங்கத் தொகுப்பான பத்துப்பாட்டுள் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதியே ஓய்மாநாடு. புலவரின் பெயரோடு ஒட்டிய இடைக்கழிநாடு, கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நீண்ட மணல் திட்டு. அப்பெயர் இன்னும் அழியவில்லை. மரக்காணத்துக்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில், இடைக்கழிநாடு என்றே ஒரு பேரூராட்சி இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு அருகான ஒரு பெயரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பெயர்ப்பலகையில் படித்துக்கொண்டே நாம் விரைகிறோம்.

அப்பாட்டு பாணனை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்னும் ஊர்களின் வழியே ஆற்றுப்படுத்துகிறது. இவற்றுள் நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தையே அறிஞர் பலர் இன்றைய மரக்காணப் பகுதி எனக் கொள்கின்றனர். கடலலை ஒதுக்கிய அகில் மரத்துண்டுகள் உறங்கும் ஒட்டகங்கள் போலக் கரையில் கிடப்பதையும், பரதவர் மகளிர் அவற்றையே விறகாக்கித் தேறல் சமைப்பதையும், விருந்தினர்க்குச் சுட்ட மீனும் தேறலும் கிடைக்கும் என்பதையும் புலவர் விரித்துரைக்கிறார். கடல்வழி வந்த பொருளும், வந்தோர்க்கு வழங்கும் வளமும் கொண்ட ஊராக அது காட்சி தருகிறது.

இதற்குத் துணையாக நிற்பது கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல். சோழமண்டலக் கரைத் துறைகளாக அது கமரா, பொதுகே, சோபட்மா என மூன்றை அடுத்தடுத்துச் சொல்கிறது. பொதுகேயைப் புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேட்டோடு பொருத்துவது பெருவழக்கு. சோபட்மாவைச் ‘சோபட்டினம்’ எனப் படித்தால், தமிழறிந்தார்க்கு ஒரு கதவு திறக்கும். ‘சோ’ என்பது மதில், அரண் என்று பொருள்படும் பழஞ்சொல். ‘எயில்’ என்பதும் மதிலே. சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒரே பெயரின் இரு வடிவங்கள் என்ற கருத்து இவ்வாறு எழுந்தது.

இப்பொருத்தம் ஏற்கப்படுமாயின் ஒரு செய்தி தெளிவு. அன்று அரிக்கமேடும் எயிற்பட்டினமும் ஒரே கரையின் இரு துறைகள். ஒன்று நகரம், மற்றது அதற்கு எட்டிய ஊர் என்ற ஏற்றத்தாழ்வு இல்லை. பட்டினம் என்ற சொல்லே கடற்கரை வணிக நகரத்தைக் குறிப்பது. வெளியூர்ப் பாணன் இங்கே நடந்து வந்தான். இங்கிருந்து எவரும் பிழைப்புக்காக நாள்தோறும் எங்கும் நடந்ததாகப் பாட்டு சொல்லவில்லை.

உமணர் வண்டியும் நெல்லின் விலையும்

எனினும் நெய்தல் நிலம் தானே தனக்குப் போதுமானதாக இருந்ததில்லை. உப்பு விளையும் நிலத்தில் நெல் விளையாது. ஆகவே உப்பு வெளியே போயாக வேண்டும், நெல் உள்ளே வந்தாக வேண்டும். இந்தப் போக்குவரத்தை நடத்தியவர்கள் உமணர். எருது பூட்டிய வண்டிகளில் உப்பேற்றி, குடும்பத்தோடு, கூட்டம் கூட்டமாக உள்நாடுகளுக்குச் சென்றவர்கள் அவர்கள். வழியில் முறிந்தால் மாற்றுவதற்கு வேறு அச்சும் எடுத்துச் சென்ற முன்யோசனைக்காரர்கள் என்றும் சங்கப் பாடல்கள் அவர்களைக் காட்டுகின்றன.

அகநானூற்றில் அம்மூவனார் பாடிய ஒரு பாடலில், உமணர் மகள் தெருவில் உப்பு விற்கிறாள். ஓர் அளவு உப்புக்கு ஈடாக அதே அளவு நெல்லை அவள் கேட்கிறாள். பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இவை கவிஞர் கண்ட காட்சிகளே அன்றி விலைப்பட்டியல் அல்ல. உப்பும் நெல்லும் எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் சம விலையில் மாறின என்று இவற்றைக் கொண்டு சாதிக்க இயலாது. ஆயினும், உப்பைக் கொடுப்பவள் நெல்லை நிமிர்ந்து நின்று கேட்கும் தொனி அந்தப் பாட்டில் இருக்கிறது. இன்று ஒரு கிலோ அரிசியின் விலையையும், ஒரு கிலோ உப்புக்கு அளத்து வரப்பில் கிடைக்கும் விலையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தொனி எங்கே இறங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

சோழர் காலத்தில் மரக்காணத்துப் பூமீசுவரர் கோயில் எழுந்தது. அதன் சுவர்களில் முதலாம் இராசராசன் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் உள்ளன. ஓய்மாநாட்டின் உட்பிரிவாகிய பட்டினநாட்டைச் சேர்ந்ததாக இவ்வூர் குறிக்கப்படுகிறது. சங்கப் பாட்டின் பட்டினம், நாட்டுப் பிரிவின் பெயரில் பதுங்கி ஆயிரம் ஆண்டு கடந்து வந்திருக்கிறது எனலாம். அளங்களைப் பற்றிய குறிப்புகளும் அக்கல்வெட்டுகளில் வருகின்றன. உப்பு இங்கே அரசும் கோயிலும் கணக்கில் எடுத்துக்கொண்ட செல்வமாக இருந்தது.

ஆலம்பரையும் புதுச்சேரியும்

பட்டினம் என்ற தகுதி இவ்வூரைவிட்டு எப்போது நீங்கிற்று என்பதற்கு ஒரு நாளைக் குறிக்க முடியாது. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் அது வேறிடங்களுக்குப் போய்விட்டது. மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்துக் கழிமுகத்தில் ஆலம்பரைக் கோட்டை நின்றது. ஆர்க்காட்டு நவாபு காலத்தில் அது துறைமுகமாகவும் நாணயச்சாலை உள்ள இடமாகவும் விளங்கியது. 1750இல் தூப்ளேயின் உதவிக்குக் கைம்மாறாகப் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. 1760இல் ஆங்கிலேயர் அதனைப் பிடித்துச் சிதைத்தனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு ஆலம்பரை புதிய பெயரன்று. இன்று எஞ்சியிருப்பவை செங்கல் மதிலின் சில பகுதிகள்தாம்.

ஆலம்பரை வீழ்ந்தபின் இக்கரைக்கு இரண்டே நகரங்கள்: வடக்கே சென்னை, தெற்கே புதுச்சேரி. ஒன்று ஆங்கிலேயருடையது, மற்றது பிரெஞ்சுக்காரருடையது. மரக்காணம் முன்னதன் ஆட்சியில் இருந்துகொண்டு பின்னதற்கு அருகில் இருந்தது. உப்பின் வரலாற்றில் இந்த நிலை முக்கியமானது. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு கும்பினியின் தனியுரிமை ஆயிற்று. விளைவிப்பவர் விளைந்ததைக் கும்பினிக்கே கொடுக்க வேண்டும், அது வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும். அருகிலேயே பிரெஞ்சு நிலத்தில் உப்பு விளைந்தால் இந்தத் தனியுரிமையில் ஓட்டை விழும் அல்லவா? ஆகவே 1815இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பின் மீதான உரிமையை ஆங்கிலேயர் பெற்றனர். அதற்காக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் தர ஒப்பினர். உப்பு விளையாமல் இருப்பதற்கும் விலை கொடுத்த காலம் அது.

புதுச்சேரி நகருக்குள் ‘உப்பளம்’ என்றொரு பகுதி இருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். இன்று அங்கே அளம் இல்லை, பெயர் இருக்கிறது.

கால்வாய் வந்த கதை

அடுத்த திருப்பம் நீர்வழியில் வந்தது. சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்பவரால் வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய், சிறிது சிறிதாக வடக்கும் தெற்கும் நீண்டது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாதுவருடப் பஞ்சத்தின்போது, சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அக்காலத்தில் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைகளுக்கு வகுத்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அந்தக் கூலி எலும்பும் தோலுமான மக்களுக்குப் போதாது என்று அந்நாளிலேயே பலத்த கண்டனம் எழுந்தது. 1878இல் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. வெட்டியவர் பெயர் எதுவும் நிலைக்கவில்லை.

இக்கால்வாயின் தென்பிரிவு அடையாற்றிலிருந்து 103 கிலோமீட்டர் ஓடி மரக்காணத்தில் முடிகிறது. வரலாற்று மாணவர்கள் இதைச் சற்று நின்று எண்ண வேண்டும். ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்தில் தொடங்கி 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு நீர்ச்சாலையின் கடைசி நிறுத்தம் மரக்காணம். உமணரின் எருதுகள் கல்லும் மணலும் மிதித்துப் போன தொலைவைப் பாயும் கழியும் கொண்ட படகுகள் கடந்தன; காற்றில்லாதபோது கரையில் நடந்த ஆள்கள் கயிறு கட்டி இழுத்தனர். உப்பும் சவுக்கு விறகும் சென்னைக்குப் போயின. சென்னையின் அடுப்பு எரிந்ததும் அந்த அடுப்பின்மேல் கொதித்த குழம்பு ருசித்ததும் இக்கரையின் பொருள்களால் என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்வோம். கால்வாய் மரக்காணத்தை நகருக்கு எட்டிய ஊராக்கியது. ஆனால் எட்டியது சரக்குக்குத்தான். அளத்தில் நின்றவர் அளத்திலேயே நின்றார்.

அவர் விளைத்த உப்பின்மீது வரி ஏறிக்கொண்டே போயிற்று. 1882இல் மணங்கு ஒன்றுக்கு 2 ரூபாய், 1888இல் இரண்டரை ரூபாய். மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. பிறகு இறங்கி ஏறி, 1930இல் ஒன்றேகால் ரூபாயாக நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச் 5ஆம் நாள் காந்தி-இர்வின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் உப்புப் பிரிவு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. உப்பு எடுக்கத்தக்க இடங்களை அடுத்த ஊரார் தம் வீட்டுக்கும் தம் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுக்கலாம். வெளியூராருக்கு விற்கவோ அவர்களோடு வணிகம் செய்யவோ கூடாது. அதாவது, ஊர் தன் உப்பைத் தின்னலாம், நகரத்தோடு பேரம் பேசக்கூடாது. உமணர் மகளின் குரலை அடக்கிய ஒற்றை வரி விதி இது. உப்பு வரி 1947 ஏப்ரல் 1 முதல் நீங்கியது. ஆனால் பேரம் பேசும் ஆற்றல் தானாகத் திரும்பிவிடவில்லை.

சாலை வந்த கதை

1965, 1966 ஆண்டுகளின் புயல்களில் பக்கிங்காம் கால்வாய் பெருஞ்சேதம் அடைந்தது. படகுப் போக்குவரத்து அதன்பின் தேய்ந்து மறைந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, தூர்ந்து கிடந்த அதே கால்வாய் பல இடங்களில் அலைநீரை வாங்கிக்கொண்டு கரையோர மக்களைக் காத்தது. பஞ்சத்தில் வெட்டியது வெள்ளத்தில் உதவிற்று. 2008இல் அது 4ஆம் தேசிய நீர்வழியின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் மரக்காணத்திலிருந்து உப்பேற்றிய படகு எதுவும் இன்று சென்னைக்குப் போகவில்லை.

கால்வாயின் இடத்தைச் சாலை எடுத்துக்கொண்டது. சென்னை - புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலை 2002 வாக்கில் அகலப்பட்டுச் சுங்கச்சாலை ஆனது. லாரி உப்பை ஏற்றிச் சென்றது. அத்தோடு நிற்காமல் பேருந்து ஆளையும் ஏற்றிச் சென்றது. எருதும் படகும் செய்யாத காரியம் இது. உமணர் வண்டி போனால் திரும்பத் திங்கள் ஆகும். படகு போனால் திரும்ப நாள்கள் ஆகும். பேருந்தோ மாலையே கொண்டுவந்து விடுகிறது. திரும்பிவர முடிகிறது என்பதால்தான் ஊர் காலியாகவில்லை. திரும்பிவர முடிகிறது என்பதால்தான் ஊரில் வேலை உண்டாக்க வேண்டிய கட்டாயமும் எவருக்கும் இல்லாமல் போயிற்று.

சாலை இன்னும் பெருக்கப் போகிறது. 332அ எண்ணுள்ள தேசிய நெடுஞ்சாலையாக ஆகிவிட்ட இத்தடத்தில் முகையூர் முதல் மரக்காணம் வரை 31 கிலோமீட்டரை நான்கு வழியாக்கும் பணிக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கிலோமீட்டருக்கு 2,157 கோடி ரூபாயில் நான்கு வழிச்சாலை அமைக்க ஒன்றிய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்கு ஆகும் நேரம் குறையும். சென்னைக்காரரின் வார இறுதி வீடு மரக்காணத்துக்கு நெருங்கும். மெட்ரோலாந்தின் கதை இக்கரையிலும் தொடங்குவதற்கான அறிகுறிகள் சாலையோர மனை விளம்பரங்களில் தெரிகின்றன. இங்கிலாந்தில் வயலின் விலை ஏறியது. இங்கே அளத்தை ஒட்டிய மணல்மேட்டின் விலை ஏறுகிறது.

அளத்தில் எஞ்சியவர்

இனி அளத்துக்குள் இறங்குவோம். உப்பு விளைச்சல் என்பது வெயில் தானே செய்துகொள்ளும் வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறன்று. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கே உப்பு. அதைப் பாத்தி மாற்றிப் பாத்தி பாய்ச்சிச் செறிவேற்ற வேண்டும். முதலில் ஜிப்சம் படியும். அதை அந்தப் பாத்தியிலேயே விட்டுவிட்டு நீரை மட்டும் நகர்த்த வேண்டும். போமே மானியில் 25 பாகை அளவுக்கு வந்தபின்தான் உப்பு மணி பிடிக்கும். அதற்கும் மேலே ஏறி 30 பாகையை நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். மிஞ்சிய நீரை அதற்குள் வடித்துவிட வேண்டும். பழகியவர் மானி இல்லாமலேயே நீரின் நிறத்தையும் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பையும் கொண்டு இதைச் சொல்லிவிடுவார். பாத்தித் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துவது, பலகையால் உப்பை வாரிக் கரையேற்றுவது, கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது எல்லாம் இதன்பின். வெண்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உவர்நீர் பாதத்தை அரிக்கும்.

வேலை ஆண்டு முழுவதும் இல்லை. தைக்குப் பின் பாத்தி செப்பனிட்டு, கோடையில் உப்பு வாரி, வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது நிறுத்த வேண்டும். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது, மரக்காணத்து அளங்கள் முழுகின. மழைக்கால மாதங்களில் உப்புத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகையைத் தமிழக அரசு சில ஆண்டுகளாக வழங்கி வருகிறது. மீனவருக்குத் தடைக்கால உதவி உண்டு என்ற முன்மாதிரியை நோக்கி எழுந்த நெடுநாள் கோரிக்கையின் பயன் அது. அத்தொகை மூன்று மாதத்துக்குப் போதுமா என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே மழைக்காலத்தில் அளத்து ஆள் நகரத்துக் கட்டட வேலைக்குப் போகிறார். முதலில் மூன்று மாதம் போகிறார். பிறகு அங்கே கூலி கூடுதல் என்று கண்டு கோடையிலும் அங்கேயே போகிறார். மூத்தவர்களும் பெண்களும் அளத்தில் தங்குகிறார்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் வகுப்புகளில் இக்கரையோர ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்று நாம் நடத்துகிறோம். கருப்பொருள்களை அடுக்கும்போது உப்பு விளைத்தல் என்ற சொல் வந்ததும் அவர்களுள் சிலர் தலை கவிழ்ந்து கொள்கிறார்கள். தாயின் தொழில் பாடநூலில் வருவது பெருமையா, வகுப்பறையில் வெளிப்படுவது வெட்கமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. அவர்களை அளத்துக்குத் திரும்புங்கள் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஒருவரும் தம் பிள்ளையைப் பாதம் அரிக்கும் வேலைக்கு அனுப்ப விரும்பமாட்டார். நகரத்துக்குப் போகும் பேருந்து அவர்களுக்கு இழப்பன்று, விடுதலை. இதை மறைத்துக்கொண்டு கிராமத்தைப் புகழ்வது, ரேமண்ட் வில்லியம்ஸ் எச்சரித்த அந்தப் பழைய இரங்கற்பாவையே மறுபடி பாடுவதாகும்.

ஆனால் கேள்வி அதோடு தீர்வதில்லை. அரிசி இறக்குமதியாகலாம், உப்பும் வெளியிலிருந்து வரலாம். குசராத்தின் உப்பு இந்தியச் சந்தையின் பெரும்பகுதியை நிரப்புகிறது என்பது உண்மையே. ஆயினும் மூன்றாயிரம் ஏக்கர் பரப்புள்ள ஓர் அளம் கைவிடப்பட்டால் அந்நிலம் என்னவாகும்? அளத்துக்கு அருகே பரந்திருக்கும் கழுவேலி ஏரி 2021இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த உவர்நீர்ப் பரப்பு 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. மழைநீரை ஏரி வாங்கி, கழி வழியே கடலுக்கு விடுகிறது. அளத்துப் பாத்திகளும் இந்த நீரோட்டத்தின் விளிம்பில்தான் இருக்கின்றன. பறவைகளும் அங்கே மேய்கின்றன. அளம் அளமாக இருக்கும்வரை அது மேடாக்கப்படாமல் இருக்கும். அளத்துக்கு ஆள் இல்லை என்று ஆனால், அதை மண்கொட்டி நிரப்புவதற்குக் காரணம் சொல்வது எளிது. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதையும், 2015 வெள்ளம் அதற்கு எழுதிய உரையையும் நாம் படித்துவிட்டோம்.

எனவே அளத்தில் எஞ்சியவரின் கூலி, அவர் குடும்பத்தின் கவலை மட்டுமன்று. அது கழுவேலியின் கவலை. மழை பெய்தால் மரக்காணம் மூழ்குமா என்ற கவலை. புதிய நான்கு வழிச்சாலையின் வெள்ளப் பாதுகாப்பும் அதிலே அடங்கும். கண்ணாடியும் காலுறையும் நிழற்குடிலும் கழிப்பறையும் அளத்தில் இருந்தால், மழைக்கால உதவி மழைக்காலம் முழுவதற்கும் போதுமானதாக இருந்தால், வரப்பிலேயே உப்பின் விலை வாழத்தக்கதாக இருந்தால், ஒருவர் விரும்பி அத்தொழிலில் நிற்கலாம். விருப்பமில்லாதவர் பேருந்து ஏறலாம். இரண்டும் இயலும் ஊரே நகருக்கு எட்டிய ஊர் என்ற பெயருக்குத் தகும். ஒன்றே இயலும் ஊர், நகரத்தின் படுக்கையறை.

தொகுத்துப் பார்ப்போம். எயிற்பட்டினக் காலத்தில் நகரம் இங்கே இருந்தது. உமணர் காலத்தில் உப்பு நெல்லைத் தேடிப் போயிற்று, விலை பேசியது. கும்பினிக் காலத்தில் விலை பேசும் உரிமை போயிற்று. கால்வாய்க் காலத்தில் நகரம் சரக்குக்கு மட்டும் அருகில் வந்தது. சாலைக் காலத்தில் ஆளுக்கும் அருகில் வந்தது. சாலைதான் இந்த வாழ்வைத் தொடங்கிவைத்தது என்ற விடை, ஆகவே, பாதி விடைதான். ஊரின் பொருளுக்கு ஊரார் விலை சொல்ல முடியாமற்போன நாளிலேயே அது தொடங்கிவிட்டது. சாலை பின்னால் வந்து, புறப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது.

அடுத்த முறை அவ்வழியே செல்லும் அன்பர்கள், படம் எடுத்து முடித்தபின் வரப்போரத்தில் நிற்பவரிடம் ஒரு கிலோ உப்பு இங்கே என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். புதுச்சேரி சேர்ந்ததும் கடையில் உறைபோட்ட உப்பின் விலையையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் மரக்காணத்துக்கும் நகரத்துக்கும் இடையே உண்மையில் உள்ள தூரம். புதுச்சேரியில் உப்பளம் என்பது ஒரு வட்டாரத்தின் பெயராகிவிட்டது. மரக்காணத்தில் அது இன்னும் பெயராகவில்லை, தொழிலாக இருக்கிறது.